கறுத்த போஞ்சிக்கு இரண்டு சங்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது முதலாவது புரட்சி. அந்த நெருப்பின்மேல் எதை, எப்படி, யாருடைய தலைமையில் வைப்பது என்று கூட்டம் போட்டு ஆராய்ந்தது இரண்டாவது புரட்சி. முதலாவது எந்தக் கண்டத்தில் நடந்தது என்று அறிஞர்கள் இன்னமும் அடிபடுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி அந்தச் சந்தேகம் யாருக்கும் வேண்டாம். அது 1986ஆம் ஆண்டு, மேற்கு ஜெர்மனியில், ஹம் நகரத்துக்கு அரைமணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு சின்ன ஊரில், அகதிகள் விடுதியின் குசினியில் நடந்தது. தலைமை: திரு. அரியரத்தினம்.

அரியரத்தினம் ஊரில் சங்கக்கடை மனேஜர். கூப்பன் அரிசிக்கு நின்ற சனத்தைப் பார்த்து "வரிசையாய் நில்லுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கம்பீரமானவர். ஜெர்மனிக்கு வந்ததும் அரசாங்கம் அவருக்குச் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அகதி விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை காத்திருக்கவேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்கவும் கூடாது. இப்படி எல்லாவற்றையும் கவனமாகத் தடைசெய்த சட்டம், ஒரேயொரு தொழிலை மட்டும் மறந்துவிட்டது. தலைவராக இருப்பதை அது தடைசெய்யவில்லை.

அரியரத்தினம் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

விடுதி என்பது ஒரு மூடிய பள்ளிக்கூடம். காசுக்குப் பதிலாக வாராவாரம் சாப்பாட்டுப் பெட்டி வரும். பாண், மாஜரின், பிளாஸ்ரிக்கில் சுற்றிய சீஸ், பிறகு ரின்கள். அந்த ரின்களுக்குள் இருந்தது கறுத்த போஞ்சி விதை, அதாவது பீன்ஸ் கொட்டை. எந்த நாட்டுக்கென்று வாங்கி எதற்காக மிஞ்சியதோ, யாரும் அறியார். ஆனால் மிஞ்சியதெல்லாம் எங்களவர்களுக்கே வந்தது. எங்கள் ஊர்க் கௌப்பிப் பயற்றின் கறுத்த அண்ணன் போல இருக்கும். திறந்தால் மையைப்போல ஒரு கொழகொழத்த தண்ணீர். குளிராகச் சாப்பிட்டுப் பார்த்த ஒருவர், "கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினால் வண்டிக் கிறீஸ். கண்ணைத் திறந்துகொண்டு விழுங்கினாலும் அதேதான்" என்று சான்று வழங்கினார். ஆகவே ரின்கள் கட்டிலுக்குக் கீழே போயின. சிலது கதவுக்கு முட்டுக்கொடுத்தது. ஒன்று, கால் உடைந்த மேசைக்குக் காலாகப் பதவி ஏற்றது.

வசந்தகாலத்தில் தேவாலயத்துப் பெண்கள் சிலர் எழுதிக் கேட்டதன்பேரில் விடுதிக்கு ஒரு மின்சார அடுப்பு வந்தது. நாலு தட்டு. அதில் மூன்று வேலைசெய்யவில்லை. அவற்றின்மேல் "பழுது" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், அழகாக அச்சடித்த அட்டை ஒட்டியிருந்தார்கள். திருத்துவதற்கு ஆள் வரவில்லை. அட்டை ஒட்டுவதற்கு இருவர் வந்தார்கள். எந்த வேலையை எத்தனை பேர் செய்யவேண்டும் என்பதில் ஜெர்மனி என்றைக்கும் தவறியதில்லை.

அடுப்பு வந்த அன்று நாகமுத்து என்ற இளைஞன் ஒரு காரியம் செய்தான். அவன் ஊரில் மினிபஸ் ஓடியவன். மனைவி புஸ்பவதியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தான். அந்த விடுதியில் இருந்த ஒரே குடும்பம் அதுதான். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு ஒரு ரின்னை எடுத்தான். சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டான். கடுகு வெடித்தது. பெருஞ்சீரகம், இரண்டாக முறித்த செத்தல் மிளகாய், பிறகு வெண்காயம். வெண்காயம் பொன்னிறமானதும் தட்டிய உள்ளி. அதன்மேல் ஒரு கரண்டி ஊர்க் கறித்தூள். டுசல்டோர்ஃபில் இருந்த மச்சானுக்கு வந்த பார்சலில் அவன் பங்கு. தூள் கருக முதல் ரின்னைத் தண்ணீரோடு அப்படியே கவிழ்த்தான். அந்தக் கறுத்த தண்ணீர் கொதித்து, தடித்து, பளபளத்தது. அகப்பையின் முதுகால் கொஞ்ச விதையை மசித்து விட்டான். இறக்கும்போது அரைத் தேசிக்காய்.

வாசம் குசினிக்கு வெளியே அறைகளுக்கு நடுவில் ஓடிய நடை ஓடையால் போய், மாடியேறி, ஒவ்வொரு கதவாகத் தட்டியது. கதவைத் திறந்து வந்தவர்களில் அரியரத்தினமும் ஒருவர். அவர் பாணைக் கிழித்துத் தொட்டுச் சாப்பிட்டார். மூக்கில் நீர் வந்தது. கண்ணிலும் வந்தது. மிளகாய் என்று சொன்னார். அவர் வயிற்றுப்புண்காரர். ஒரு வருஷத்துக்கு மேலாகக் குளிர்ச் சாப்பாட்டில் சுருண்டு கிடந்த அவருடைய வயிறு அன்றிரவு முதல்முறையாக ஒன்றும் பேசாமல் தூங்கியது.

அடுத்த கிழமை தம்பித்துரை ஒரு சட்டி வைத்தார். அவர் உபதபாலதிபராக இருந்தவர். எதையும் கழுவித்தான் தொடுவார். போஞ்சியை அரிதட்டில் கொட்டி, பைப்பின் கீழே பிடித்து, தண்ணீர் கண்ணாடியாக ஓடும்வரை கழுவினார். வெண்காயத்தோடு ஈரமில்லாமல் வறுத்து, கேக்குக்குப் போடுகிற காய்ந்த தேங்காய்ப்பூவைப் பாலில் நனைத்துத் தூவி, பச்சைமிளகாய் வெட்டிப் போட்டார்.

அதுவும் ருசி.

இதுதான் இந்த வரலாற்றின் துயரம். இரண்டில் ஒன்று வாயில் வைக்க ஏலாமல் இருந்திருந்தால் எங்கள் சமூகம் பிழைத்திருக்கும்.

திங்கட்கிழமை, ஹெர் கிறுகர் வந்தார். விடுதிக்குப் பொறுப்பான அதிகாரி. கட்டில்களுக்குக் கீழே ரின்கள் குவிந்து கிடப்பதாக அவருக்குத் தகவல் கிடைத்திருந்தது. குனிந்து பார்த்தார், உண்மைதான். கொஞ்சம் டொச் தெரிந்த ஜேசுரட்ணத்தைக் கூப்பிட்டு ஆறுதலாகச் சொன்னார். ஜேசுரட்ணம் மொழிபெயர்த்தான்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாறாராம். இந்தப் போஞ்சி அடுப்பில கொதிக்கிறதைத் தன்ர கண்ணால பாக்கோணுமாம். கொதிச்சால் குசினி இருக்கும். இல்லாட்டில் உங்களுக்குக் குளிர்ச் சாப்பாடே போதும் எண்டு எழுதிப்போட்டு அடுப்பைக் கழட்டிக்கொண்டு போவாராம்."

"அவ்வளவுதானே?" என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த புஸ்பவதி. "வெள்ளிக்கிழமை காலமை நானொரு சட்டி வைக்கிறன். வந்து பாத்திட்டுப் போகட்டும்."

அரியரத்தினம் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"தங்கச்சி, உது உங்கட வீட்டுச் சமையல் இல்லை. அரசாங்கம் வந்து பாக்கப்போகுது. உது எங்கட இனத்தின்ர மானம்."

"மானம் ஒரு பக்கம் கிடக்கட்டும் அண்ணை. அடுப்புப் போனால் என்ர பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணிக்கு எங்கை போறது?"

"அதுக்குத்தானே கூட்டம்!" என்றார் அரியரத்தினம்.

அன்று மாலையே குசினியில் கூட்டம் கூடியது. சங்கத்துக்குப் பெயர் வைக்க ஒரு மாலை போனது. "அகில ஹம் பிரதேசத் தமிழர் போஞ்சிச் சமையல் முன்னேற்றச் சங்கம்." தலைவர் அரியரத்தினம். செயலாளர் தம்பித்துரை. முதன்முதலில் சமைத்தவன் என்ற கௌரவத்துக்காக நாகமுத்துவுக்கு "பிரதம ஆலோசகர்" பட்டம். பட்டம் கிடைத்த நிமிஷமே அவன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆலோசகர் கிண்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பதவிக்கு என்ன அழகு என்பது தமிழனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை, அரசியலமைப்பின் முதலாம் பிரிவு எடுக்கப்பட்டது. தம்பித்துரை எழுந்தார்.

"தலைவர் அவர்களே, ஒரு சின்ன விளக்கம். ரின் தண்ணியை ஊத்திறதோ, வைக்கிறதோ?"

"வைக்கிறது."

"ஆர் சொன்னது?"

"தலைவர் சொல்லுறன்."

"நீங்கள் சங்கக்கடையில மண்ணெண்ணெய் அளந்த ஆள். கலப்படம் உங்களுக்குப் பெரிசாத் தெரியாது."

"நீர் முத்திரை நக்கின ஆள். உம்முடைய நாக்கில ருசி மிஞ்சிக் கிடக்கே?"

"அந்தத் தண்ணியில உப்பு! ஊத்தை! வெள்ளைக்காரன் பாத்தால் என்ன நினைப்பான்? தமிழன் கழுவாமல் தின்னுறான் எண்டு எழுதமாட்டானோ?"

"அந்தத் தண்ணியிலதான் சத்து! அதை ஊத்தினால், குடுத்த சாப்பாட்டில பாதியை இவங்கள் வீசுறாங்கள் எண்டு எழுதுவான்!"

நடுவில் ஜேசுரட்ணம் பயந்து பயந்து கையுயர்த்தினான். "அண்ணை, பாதித் தண்ணியை ஊத்திப்போட்டுப் பாதியை வைச்சால் என்ன?"

அந்தப் பிளவுபட்ட சபை அந்த ஒரு கணத்தில் ஒன்றுபட்டது. இருபகுதியும் ஒரே குரலில் அவனை "அரைத்தண்ணி" என்றார்கள். அந்தப் பெயர் இன்றுவரை அவனை விட்டுப் போகவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் தம்பித்துரை தன் ஆதரவாளர்களோடு வெளிநடப்புச் செய்தார். வெளியே நல்ல குளிர். ஆகவே ஓடைவரைதான் நடந்தார். ஓடையில் புதிய அமைப்பு உதயமானது. பிரிந்து போனவர்கள் அதற்கு வைத்த பெயர் "ஒன்றியம்".

இவ்வளவு நடந்தும் இரு அமைப்புகளும் பண்போடு நடந்துகொண்டதை இங்கே குறிப்பிடாமல் இருக்கமுடியாது. ஒரு பகுதி மற்றப் பகுதிக்குத் தெரியாமல் களவாகச் சமைத்துவிடக் கூடாதல்லவா? பரஸ்பர நம்பிக்கையை வளர்க்கும் பொருட்டு புதன்கிழமை ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வேலைசெய்யும் ஒரே தட்டின் திருகுக் குமிழைக் கழற்றி அரியரத்தினம் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். விடுதியில் இருந்த ஒரே ரின்வெட்டியைத் தம்பித்துரை தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இனி ஒருவர் அடுப்பை மூட்டலாம், ரின்னைத் திறக்க ஏலாது. மற்றவர் ரின்னைத் திறக்கலாம், அடுப்பை மூட்ட ஏலாது. வெளிநாட்டு அமைச்சர்கள் மாதக்கணக்கில் பேசியும் அடையாத சமநிலை இது.

"அப்ப பிள்ளைக்குச் சுடுதண்ணி?" என்று கேட்டாள் புஸ்பவதி.

"ரெண்டு நாள் பொறுங்கோ தங்கச்சி. இடைக்கால ஏற்பாடு" என்றார் அரியரத்தினம்.

"பிள்ளையின்ர பசியும் இடைக்காலமோ அண்ணை? இஞ்சாருங்கோ, நீங்களெண்டாலும் சொல்லுங்கோவன்!"

அவளுடைய கணவனான பிரதம ஆலோசகர் தொண்டையைச் செருமினார். தன்னிடம் ஆலோசனை முறைப்படி கோரப்படவில்லை என்றார்.

வியாழக்கிழமை இரு அமைப்புகளும் கூட்டாகக் குசினியைச் சுத்தம் செய்தன. பெரிய மனிதர் வரும்போது வெள்ளையடிக்காத தமிழன் உண்டா? அடுப்பைத் தேய்த்தார்கள். எண்ணெய்த் துளி, கறித்தூள் கறை, கடுகு வெடித்த புள்ளி, எல்லாம் போயிற்று. கறிவேப்பிலைக் காம்புகூட ஒன்று மிஞ்சவில்லை. சுவரில் கட்டில் விரிப்பைக் கட்டி அதில் "நல்வரவு" எழுதினார்கள். வகுப்பறைகளில் கிடந்த கதிரைகளைத் தூக்கிவந்து வரிசையாக அடுக்கினார்கள். கடுதாசியில் ஒரு மாலை கட்டினார்கள். அந்தக் குசினி அன்று இருந்த சுத்தத்தில் அங்கே ஒருவரும் என்றைக்கும் சமைத்ததில்லை என்று சத்தியம் பண்ணலாம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மேசையில் இரண்டு சட்டிகள். பக்கத்தில் இரண்டு குவியலாக, திறக்காத ரின்கள். அடுப்பில் ஒரு தட்டு. எந்தச் சட்டி முதலில்?

வாக்கெடுப்பு நடந்தது. சரிபாதி. ஜேசுரட்ணம் வாக்களிக்க மறுத்தான். அவனுக்கு மனம் நொந்திருந்தது. காசு சுண்டலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"இனத்தின்ர மானத்தைக் காசு சுண்டித் தீர்க்கிறதோ!" என்று தம்பித்துரை மேசையில் அடித்தார். அந்த ஒரு கருத்தை அரியரத்தினம் வழிமொழிந்தார்.

பத்தரை கழிந்தது. புஸ்பவதி ஒரு சின்னச் சட்டியில் தண்ணீரோடு உள்ளே வந்தாள். குழந்தை தோளில் கிடந்து சிணுங்கியது.

"விலத்துங்கோ அண்ணை. அந்தக் குமிழைத் தாங்கோ. நான் சுடுதண்ணி வைச்சிட்டு, அப்பிடியே ஒரு ரின்னையும் கொதிக்கவிடுறன். தம்பித்துரையண்ணை, வெட்டியைத் தாங்கோ."

"தங்கச்சி, அடுப்பு இப்ப பிணக்கில இருக்கிற பிரதேசம்" என்றார் தம்பித்துரை.

"அது ஒரு முழ இரும்பு, அண்ணை."

"எந்த முறையில கொதிக்கவிடுவியள்? தண்ணி ஊத்தியோ, ஊத்தாமலோ?"

"நான் கண்ணை மூடிக்கொண்டு ஊத்துறன்! எவ்வளவு விழுதோ அவ்வளவு!"

சபை திகைத்தது. கொள்கையே இல்லாத சமையலா!

அரியரத்தினத்தின் கை சட்டைப் பைக்குள் போனது. குமிழ் விரலில் பட்டது. நாகமுத்து வைத்த அந்த முதல் சட்டி ஞாபகம் வந்தது. அந்த மினுக்கம், பாணில் ஊறிய அந்தச் சூடு. குமிழை எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. ஒரு திருகு. அவ்வளவுதான். கை பாதி வெளியே வந்துவிட்டது. அப்போது அவர் தலையை நிமிர்த்தினார். எதிரே தம்பித்துரை கண் இமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருடைய கையோ பெட்டிச் சாவியின்மேல் இருந்தது. "நீர் முதலில் தாரும், பிறகு நான்" என்று இரண்டு பேரின் கண்களும் சொல்லின. வாய் திறந்து ஒருவரும் சொல்லவில்லை. அரியரத்தினம் ஒரு பெரிய மனிதருக்குரிய கட்டுப்பாட்டோடு கையைத் திரும்பப் பைக்குள் விட்டார்.

வாசலில் கார் நின்றது.

ஹெர் கிறுகர் சரியாகப் பதினொரு மணிக்கு உள்ளே வந்தார். கடுதாசி மாலை அவர் கழுத்தில் விழுந்தது. அரியரத்தினம் வரவேற்புரை ஆற்றினார். தமிழரின் விருந்தோம்பலில் தொடங்கி, ஜெர்மன் மக்களின் ஒழுங்கைப் புகழ்ந்து, பருப்பு வகைகளின் பெருமைக்கு வந்து, கடைசியில் மனித நேயத்தில் முடித்தார். நீண்ட பேச்சு. ஹெர் கிறுகர் ஜேசுரட்ணத்தைப் பார்த்தார்.

"வாருங்கள் என்கிறார்" என்று மொழிபெயர்த்தான் ஜேசுரட்ணம்.

பிறகு ஒன்றியத்தின் சார்பில் தம்பித்துரை பேசினார். அது இன்னும் நீண்டது.

"இவரும் அதையே சொல்கிறார்."

ஹெர் கிறுகர் அடுப்பண்டை போனார். நாலு தட்டையும் பார்த்தார். பழுது என்று எழுதியிருந்த மூன்றின்மேலும் அட்டைகள் நேராக ஒட்டியிருப்பது அவருக்குத் திருப்தி தந்தது. நாலாவது தட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"கால்ட்" என்றார். குளிர்.

பளபளத்த சட்டிகளைப் பார்த்தார். திறக்காத ரின்களைப் பார்த்தார். வரிசையாக அடுக்கிய கதிரைகளைப் பார்த்தபோது அவருடைய முகம் மலர்ந்தது. ஜேசுரட்ணத்திடம் ஏதோ கேட்டார். அவனும் உண்மையைச் சொன்னான். அவன் ஒருவன்தான் அந்த வாரம் முழுவதும் உண்மை பேசியவன். அதற்கான பலனையும் முன்னரே அனுபவித்துவிட்டான்.

"என்ன கேட்டவர்?" என்றார் அரியரத்தினம்.

"இந்த அறையில என்ன செய்யிறனீங்கள் எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"கூட்டம் எண்டு சொன்னனான் அண்ணை."

ஹெர் கிறுகர் இரண்டு தலைவர்களுக்கும் கை கொடுத்தார். தான் எத்தனையோ விடுதி பார்த்திருப்பதாகவும், இவ்வளவு ஒழுங்கான மனிதர்களைக் கண்டதில்லை என்றும் சொன்னார். இந்த அறையைச் சமையலுக்கு ஒருவரும் பாவிக்கவில்லை என்பது வெளிப்படை. ஆனால் கூட்டம் வைக்க இவர்களுக்கு ஓர் இடம் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதும் வெளிப்படை. இரண்டையும் உடனே கவனிப்பதாக வாக்களித்தார்.

ஜெர்மன்காரர் வாக்குத் தவறுவதில்லை. அடுத்த கிழமையே அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். குமிழ் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. அது நின்ற இடத்தில் ஒரு நீளமான மேசை வந்தது. மடக்குக் கதிரைகள் வந்தன. கதவில் "கூட்ட மண்டபம்" என்று டொச்சில் அட்டை ஒட்டினார்கள். இருவர் வந்து ஒட்டினார்கள்.

புலம்பெயர்ந்த மண்ணில், ஒரு சதம் செலவில்லாமல், தமிழனுக்கென்று ஒரு மண்டபம்! திறப்பு விழாவில் அரியரத்தினம் இதை மூன்று தரம் சொன்னார். இரு அமைப்புகளும் கருத்து வேறுபாட்டை மறந்து ஒரே மேடையில் அமர்ந்தன. உள்ளே நெருப்புத் தடை. ஆகவே மங்கள விளக்குக்குப் பதிலாக ரோர்ச் லைட் அடிக்கப்பட்டது. விருந்து இருந்தது. ரின்வெட்டி விடுவிக்கப்பட்டு, போஞ்சி தட்டுத் தட்டாகக் குளிராகப் பரிமாறப்பட்டது. அரியரத்தினம் தண்ணீரோடு சாப்பிட்டார். தம்பித்துரை தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாப்பிட்டார். இரண்டு பேருமே கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அன்று பின்னேரமே அரியரத்தினத்தின் வயிறு சுருண்டது; அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு தலைமையுரையை முடித்தார்.

"இனி, அடுப்பைத் திருப்பித் தரக் கோரும் தீர்மானம்" என்றார். "முதலில் இதைப் பிரேரிப்பது சங்கமோ, ஒன்றியமோ என்பதை அடுத்த கூட்டத்தில்..."

பின் வரிசையில் புஸ்பவதி எழுந்தாள். குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஒரு கேள்வி. அண்டைக்கு அந்த மனிசன் வந்து நிக்கேக்கை சட்டி இருந்தது. ரின் இருந்தது. கறன்ற் இருந்தது. வயிறெல்லாம் பசி இருந்தது. அடுப்பு ஏன் ஆறிக் கிடந்தது? தடுத்தது ஆர்? வெள்ளைக்காரனோ?"

அரியரத்தினம் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார்.

"தங்கச்சி, உது நிரலில இல்லை. பிற விடயங்களில வேணுமெண்டால் எடுக்கலாம்."

"ஓம். பிற விடயத்தில எழுதுங்கோ. என்ர பிள்ளை இண்டைக்கும் பச்சைத்தண்ணியில கரைச்ச பால்தான் குடிச்சது. அதுக்குக் காரணம் இந்த மண்டபத்தில இருக்கிற ஆம்பிளையள் எல்லாரும். அப்பிடியே எழுதுங்கோ."

தம்பித்துரை பேனையை எடுத்தார். சொல்லுக்குச் சொல் எழுதினார். எழுத்துக்கூட அழகாக இருந்தது. பின்னர் முறைப்படி வாசித்தார். தலைவர் முறைப்படி வாக்குக்கு விட்டார். சங்கம், ஒன்றியம் என்ற பேதமில்லாமல் கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது பிரதம ஆலோசகர் நாகமுத்துவின் கை.

அந்த மண்டபத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.